பாத் ட்ரேஸ் அமைப்பது எப்படி: எஸ்டிஎச், ஓடிஎன் சர்க்யூட்டுகளுக்கு முழுமையான வழிகாட்டி

கோவைக்கும் பல்லடத்துக்கும் நடுவே ஓர் எஸ்டிஎம்-1, அதாவது பல சர்க்யூட்டுகளைச் சேர்த்து ஃபைபரில் கொண்டுபோகும் எஸ்டிஎச் முறையின் ஓர் இணைப்பு. அதில் இரண்டு இ1 (2 எம்பிபிஎஸ்) சர்க்யூட்டுகளை ஒரே நாளில் ஏற்றினோம். ஒன்று ஒரு நூற்பாலைக்கு, மற்றொன்று ஒரு சாயப்பட்டறைக்கு. மாலை ஆறு மணிக்குப் பல்லடத்திலிருந்து தம்பி போனில் கூப்பிட்டார். "ஏனுங்ண்ணா, ரெண்டு போர்ட்டும் பச்சைதானுங்ண்ணா எரியுது. அலாரம் ஒண்ணுகூட இல்லீங்க. ஆனா ரெண்டு பேருக்குமே பிங் போகமாட்டீங்குது."

கேபிளை மாற்றினோம். ரூட்டரை அணைத்துப் போட்டோம். பல்லடத்தில் இரண்டு போர்ட்டிலும் ஒருசேர லூப் போட்டு (வரும் சிக்னலை வந்த வழியே திருப்பிவிட்டு) கோவையிலிருந்து சோதித்தோம். ஒரு பிழைகூட வரவில்லை. ஒன்பது மணிக்குத்தான் பிடிபட்டது. நூற்பாலையின் கோவை அலுவலகம் சாயப்பட்டறைக்கும், சாயப்பட்டறையின் கோவை அலுவலகம் நூற்பாலைக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. இரண்டு போர்ட்டிலும் லூப் இருந்ததால், சோதனைச் சிக்னல் தப்பான போர்ட்டுக்குப் போயும் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

பச்சை விளக்குக்கு நல்ல சிக்னல் ஒன்று வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். யாரிடமிருந்து வருகிறது என்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பாத் ட்ரேஸ். அனுப்பும் முனை தன் பெயரைச் சிக்னலுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். வாங்கும் முனை, தான் எதிர்பார்க்கும் பெயரோடு அதை ஒப்பிடும். பொருந்தாவிட்டால் டிம் அலாரம் எழும். அன்றைக்கு ட்ரேஸ் வைத்திருந்தால் மூன்று மணி நேர வேலை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சர்க்யூட் தாள். இரு முனைகளின் நோடு, கார்டு, போர்ட், விசி எண், இவற்றோடு நடுவில் வரும் ஒவ்வொரு நோடும் அதில் இருக்க வேண்டும். விசி என்பது சர்க்யூட்டைச் சுமக்கும் பெட்டி: விசி-4 பெரியது, ஓர் இ1-ஐச் சுமக்கும் விசி-12 அதற்குள் இருப்பது. நடு நோடில் குறுக்கிணைப்பு (ஒரு பக்கம் வருவதை இன்னொரு பக்கத்துக்கு இணைத்துவிடுவது) விசி-4 அளவில் நடக்கிறதா, விசி-12 அளவில் நடக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

இரண்டாவது, இரு முனைக்கும் லாகின். இல்லையென்றால் மறுமுனையில் ஒருவர் போனில் இருக்க வேண்டும். ட்ரேஸ் வேலையை ஒரு முனையில் மட்டும் செய்து முடிக்க முடியாது.

மூன்றாவது, கார்டின் கையேடு. எல்லா கார்டும் ட்ரேஸை அனுப்பவும் படிக்கவும் செய்யாது. சிலவற்றில் படிக்க மட்டும் முடியும், சிலவற்றில் இரண்டும் கிடையாது. அனுப்பத் தெரியாத போர்ட்டுக்கு எதிரே உட்கார்ந்து அரை நாள் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, சிக்னல் சுத்தமாக இருக்க வேண்டும். ஒளி அளவு வரம்புக்குள் இருக்கிறதா, எல்ஓஎஸ் (சிக்னலே வரவில்லை), எல்ஓஎஃப் (ஃப்ரேம் பிடிபடவில்லை) அலாரங்கள் இல்லையா, பிழை எண்ணிக்கை ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஏஐஎஸ் (பழுது என்று சொல்ல, உண்மையான சிக்னலுக்குப் பதிலாக அனுப்பப்படுவது) ஓடுகிற பாதையிலும், அன்எக்விப்டு (எதுவும் ஏற்றப்படவில்லை) காட்டுகிற பாதையிலும் படிக்கும் ட்ரேஸுக்கு மதிப்பே இல்லை. கீழ் மட்டம் சரியாகாமல் மேல் மட்டத்தைத் தொடாதீர்கள்.

2. எந்த மட்டத்தில் ட்ரேஸ் வைப்பது

எஸ்டிஎச்-இல் ட்ரேஸ் வைக்க மூன்று இடங்கள் உண்டு: ஜே0, ஜே1, ஜே2 என்னும் பைட்டுகள். ஜே0 ஃபைபரின் ஒவ்வொரு தாவலுக்கும் உரியது. அடுத்த நோடிலோ ரீஜெனரேட்டரிலோ முடிந்துவிடும். ஓடிஎஃப்-இல் (ஃபைபர்கள் வந்து சேரும் சட்டம்) பேட்ச் கார்டு மாறிச் செருகப்பட்டால் காட்டிக்கொடுப்பது இதுதான். ஜே1 விசி-4 உடன் பயணிக்கும். ஜே2 விசி-12 உடன் பயணிக்கும்.

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது ஜே1-இல். கோவையிலிருந்து காங்கேயத்துக்கு ஓர் இ1 போகிறது, நடுவே பல்லடத்தில் ஒரு நோடு என்று வைத்துக்கொள்வோம். கோவையில் ஜே1-க்குப் பெயர் கொடுத்துவிட்டு காங்கேயத்தில் அதைத் தேடுவார்கள். வரவே வராது. பல்லடத்தில் விசி-12 அளவில் குறுக்கிணைப்பு நடந்தால், கோவையிலிருந்து வந்த விசி-4 அங்கேயே பிரிக்கப்பட்டு முடிகிறது. காங்கேயத்துக்குப் போவது பல்லடத்தில் புதிதாகக் கட்டப்பட்ட வேறொரு விசி-4. அதன் ஜே1 பல்லடத்தின் பெயரைத்தான் சொல்லும்.

ஆகவே இ1 சர்க்யூட்டுக்கு முனையிலிருந்து முனை வரை தொடர்வது ஜே2 மட்டுமே. முழு விசி-4 ஒன்றை வாடிக்கையாளருக்குக் கொடுத்திருந்தால் ஜே1. ட்ரேஸ் எங்கே போடப்படுகிறது, எங்கே கழற்றப்படுகிறது என்பதைச் சர்க்யூட் தாளில் பென்சிலால் குறித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஜே2 இ1 போர்ட்டோடு முடிந்துவிடுகிறது. போர்ட்டுக்கும் வாடிக்கையாளர் ரூட்டருக்கும் நடுவில் டிடிஎஃப்-இல் (இ1 கேபிள்களை இணைக்கும் சட்டம்) கேபிள் மாறியிருந்தால் ட்ரேஸுக்கு அது தெரியாது. அந்தக் கடைசிச் சில மீட்டரைக் கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

3. இரு முனையிலும் விசி-12 எண் முறை ஒன்றுதானா

பல்லடத்தில் எங்களை மாட்டிவைத்தது இதுதான். ஒரு எஸ்டிஎம்-1-க்குள் 63 விசி-12 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கே, எல், எம் என்று மூன்று எண் கொண்ட முகவரி உண்டு. கே 1 முதல் 3 வரை, எல் 1 முதல் 7 வரை, எம் 1 முதல் 3 வரை. இதை 1 முதல் 63 வரையிலான ஒற்றை எண்ணாக மாற்றுவதில் தயாரிப்பாளர்கள் இரண்டு வழிகளில் போகிறார்கள்.

ஒரு வழியில் கே வேகமாக ஓடும்: கே-யோடு எல்-இல் ஒன்று குறைத்து 3-ஆல் பெருக்கியதையும், எம்-இல் ஒன்று குறைத்து 21-ஆல் பெருக்கியதையும் கூட்ட வேண்டும். இன்னொரு வழியில் எம் வேகமாக ஓடும், கே-யும் எம்-மும் இடம் மாறிக்கொள்ளும். முதல் வழியில் 2 என்பது 2-1-1. இரண்டாம் வழியில் அதே 2 என்பது 1-1-2. முதல் வழியில் 1-1-2 வாங்கும் எண் 22.

கோவைக் கருவி ஒரு வழி, பல்லடக் கருவி இன்னொரு வழி. நூற்பாலைக்கு 2, சாயப்பட்டறைக்கு 22 என்று இரு முனையிலும் ஒரே எண்ணைத்தான் தட்டினோம். கோவையின் 2 பல்லடத்தில் 22-ஆகவும், கோவையின் 22 அங்கே 2-ஆகவும் இறங்கிவிட்டன. இரண்டிலும் உயிருள்ள சிக்னல் இருந்ததால் அலாரமே இல்லை.

எண் 1-ஐ வைத்துச் சோதித்துப் பார்த்து நம்பிவிடக் கூடாது. கே-யும் எம்-மும் ஒன்றாக இருக்கும் இடங்களில் இரு வழியும் ஒரே எண்ணையே தரும். 63-இல் 21 அப்படி ஒத்துப்போகும், மீதி 42 போகாது. 1, 4, 7 எல்லாம் ஒத்துப்போகிற கூட்டத்தில்தான் இருக்கின்றன. எனவே இரு வேறு தயாரிப்புகள் சந்திக்கும் இடத்தில் ஒற்றை எண்ணைப் பேசாதீர்கள். தாளிலும் போனிலும் "இரண்டு-ஒன்று-ஒன்று" என்று முகவரியாகவே சொல்லுங்கள்.

4. பெயரைத் தீர்மானிப்பது

எஸ்டிஎச்-இல் ட்ரேஸ் வழக்கமாக 16 பைட் நீளம். முதல் பைட்டில் தொடக்கக் குறியையும் சரிபார்ப்பு எண்ணையும் கருவியே போட்டுக்கொள்ளும். நமக்குக் கிடைப்பது 15 எழுத்து. எண், ஆங்கில எழுத்து, சில குறிகள் மட்டுமே ஏற்கும்.

நான் எஸ்டிடி கோடுகளை வைத்துப் பெயர் அமைக்கிறேன். கோவை 0422, திருப்பூர் 0421, ஈரோடு 0424 ஆகியவை ஏற்கெனவே நான்கு இலக்கம். பல்லடம் 04255, காங்கேயம் 04257, பொள்ளாச்சி 04259 ஆகியவற்றில் முன்னாலிருக்கும் சைபரை விட்டால் அவையும் நான்கு இலக்கம். அனுப்பும் ஊர், ஒரு கோடு, வாங்கும் ஊர், ஒரு கோடு, ஐந்து இலக்கச் சர்க்யூட் எண். கோவை அனுப்புவது 0422-4255-00317. பல்லடம் அனுப்புவது 4255-0422-00317. எண்ணிப் பாருங்கள், சரியாக 15.

ஏன் 15-ஐயும் நிரப்ப வேண்டும்? பெயர் குறைவாக இருந்தால் சில கருவிகள் மீதி இடத்தை வெற்றிடக் குறியால் நிரப்பும், சில பூஜ்ய பைட்டால் நிரப்பும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கருவி பைட் பைட்டாக ஒப்பிடுவதால் டிம் அடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காக ஒரு கார்டையே கழற்றி மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். நிரப்பிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

ஏன் இரு திசைக்கும் வெவ்வேறு பெயர்? வழியில் யாரோ லூப் போட்டு மறந்துவிட்டுப் போனால், நாம் அனுப்பிய பெயரே நமக்குத் திரும்ப வரும். இரு முனையும் ஒரே பெயரை அனுப்பினால் அந்த லூப் சரியான சர்க்யூட்டைப் போலவே நடிக்கும். ஊர்ப் பெயரை மட்டும் கொடுப்பதும் போதாது. கோவையிலிருந்து பல்லடம் போகும் சர்க்யூட் பத்து இருந்தால் பத்தும் ஒரே பெயரைச் சொல்லும். எது எது என்று பிரித்துக் காட்டாத பெயரால் பயனில்லை.

நீளத்தையும் இரு முனையிலும் ஒரே அமைப்பில் வையுங்கள். 1 பைட், 16 பைட், 64 பைட் என்று தேர்வு இருக்கும். சோனெட் (எஸ்டிஎச்-இன் அமெரிக்க வடிவம்) பழக்கத்தில் வந்த கருவிகள் ஜே1-ஐ 64 பைட்டில் தொடங்கும். 16-உம் 64-உம் ஒருநாளும் பொருந்தாது.

5. முதலில் அனுப்பும் ட்ரேஸ், இரு முனையிலும்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். எதிர்பார்க்கும் ட்ரேஸை முதலில் போட்டுவிட்டு, மறுமுனை அனுப்பத் தொடங்குவதற்காகக் காத்திருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சில கருவிகளில் டிம் வந்ததும் வாடிக்கையாளர் பக்கம் ஏஐஎஸ் செலுத்தும் அமைப்பு முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த சர்க்யூட் அந்த நொடியே அறுந்துவிடும். தறி ஓடும் நேரத்தில் ஆலையிலிருந்து வரும் போனுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அனுப்பும் பெயரை மாற்றுவதால் மட்டும் டிராஃபிக் பாதிக்காது, மறுமுனையில் ஏற்கெனவே யாரும் டிம் கண்காணிப்பை இயக்கி வைக்காத வரை. ஆகவே முதல் வேலை, இரு முனையிலும் டிம் கண்காணிப்பும் ஏஐஎஸ் செலுத்தலும் அணைந்திருக்கின்றன என்று கண்ணால் பார்ப்பது. அப்புறம் பெயரைத் தட்டிச் சேமியுங்கள்.

6. வருவதைப் படித்துத் தாளோடு ஒப்பிடுங்கள்

ஜே1-க்கு 16 பைட் வந்து சேர 2 மில்லி வினாடி, ஜே2-க்கு 8 மில்லி வினாடி. கருவிக்குள் உடனே வந்துவிடும். என்எம்எஸ் (வலையை நிர்வகிக்கும் மென்பொருள்) திரை மட்டும் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் படியுங்கள்.

மறுமுனையில் இருப்பவரிடம் "வருதா?" என்று கேட்காதீர்கள், "வருதுங்ண்ணா" என்றுதான் பதில் வரும். "என்ன வருது, எழுத்து எழுத்தாப் படி" என்று கேளுங்கள். அவர் படிக்கப் படிக்க உங்கள் தாளில் விரல் வைத்துப் பாருங்கள்.

வேறு சர்க்யூட்டின் பெயர் வந்தால் எங்கோ குறுக்கிணைப்பு மாறியிருக்கிறது, அல்லது எண் முறைச் சிக்கல். உங்கள் பெயரே திரும்பி வந்தால் லூப். வெறுமையாகவோ தயாரிப்பாளர் பெயராகவோ வந்தால் மறுமுனையில் அமைப்பு சேமிக்கப்படவில்லை, அல்லது அந்த கார்டுக்கு அனுப்பத் தெரியவில்லை. ஓர் எழுத்து மட்டும் அவ்வப்போது மாறினால் பாதையில் பிழை ஓடுகிறது. முதல் பகுதிக்குத் திரும்பிப் போய் ஒளி அளவைப் பாருங்கள்.

7. எதிர்பார்க்கும் ட்ரேஸைத் தாளிலிருந்து தட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைப்பீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கருவிகளில் வருகிற ட்ரேஸை அப்படியே எதிர்பார்க்கும் ட்ரேஸாக நகல் எடுக்கும் வசதியோ, ஆட்டோ என்ற தேர்வோ இருக்கும். ஒரே அழுத்தில் டிம் மறைந்துவிடும். புதியவர்கள் எல்லாருக்கும் அது பிடிக்கும்.

ஆனால் அதன் பொருள் என்ன? எது வந்தாலும் அதுதான் சரி என்று கருவியிடம் சொல்லிவிட்டோம். அன்றைக்குப் பல்லடத்தில் ட்ரேஸ் இருந்து, நாங்களும் ஆட்டோவை அழுத்தியிருந்தால், நூற்பாலை போர்ட் சாயப்பட்டறையின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு பச்சையாக நின்றிருக்கும். தப்பான இணைப்பே அதிகாரபூர்வமாகியிருக்கும். எதிர்பார்ப்பு தாளிலிருந்து வர வேண்டும். கம்பியில் வருவதைப் பார்த்து எழுதினால் அது சோதனையே இல்லை.

ஆறாம் படியில் சரி பார்த்து முடித்த பிறகு ஆட்டோ வைத்தால் அதனால் ஓரளவு பயன் உண்டு. பின்னாளில் ஏற்படும் மாற்றத்தை அது காட்டும். அப்படியும் நான் வைப்பதில்லை. யாராவது ஒருமுறை கார்டை மாற்றி அமைப்பைத் திரும்ப ஏற்றினால், ஆட்டோ மறுபடி புதிதாகக் கற்றுக்கொண்டுவிடலாம்.

தட்டும்போது இன்னொரு தவறு: தான் அனுப்பும் பெயரையே எதிர்பார்க்கும் கட்டத்திலும் போடுவது. கோவையில் எதிர்பார்க்க வேண்டியது 4255-இல் தொடங்கும் பெயர். 0422-இல் தொடங்கினால் நீங்கள் லூப்பை எதிர்பார்க்கிறீர்கள்.

8. கண்காணிப்பை இயக்குவது, ஏஐஎஸ் இல்லாமல்

இப்போது டிம் கண்காணிப்பை இயக்குங்கள். ஏஐஎஸ் செலுத்தல் அணைந்தே இருக்கட்டும். அலாரம் வராவிட்டால் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். கண்காணிப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும். மறுமுனையில் அனுப்பும் பெயரின் கடைசி இலக்கத்தை ஒரு நிமிடம் மாற்றச் சொல்லுங்கள். 00317 என்பது 00318 ஆனதும் உங்கள் பக்கம் டிம் எழ வேண்டும், திரும்ப மாற்றியதும் தணிய வேண்டும். ஏஐஎஸ் அணைந்திருப்பதால் இது டிராஃபிக்கைத் தொடாது. அலாரம் எழவில்லை என்றால் அந்த கார்டு ட்ரேஸைப் படிக்கிறதே தவிர ஒப்பிடவில்லை.

இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகே ஏஐஎஸ் செலுத்தலைப் பற்றி யோசியுங்கள். ஒருவருடைய தகவல் இன்னொருவருக்குப் போகவே கூடாத இடத்தில் அது தேவை. தப்பான பாதை என்று தெரிந்த நொடியே கருவி அதை அறுத்துவிடும், அனுப்பிய முனைக்கும் ஆர்டிஐ (மறுமுனையில் பழுது என்னும் அறிவிப்பு) போகும். சாதாரண லீஸ்டு லைனுக்கு அலாரம் மட்டும் போதும் என்பது என் கருத்து. பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டியதற்காக ஓர் ஆலையின் இணைப்பு அறுபட வேண்டியதில்லை.

9. பாதுகாப்புப் பாதை இருந்தால்

எஸ்என்சிபி-யில் (ஒரே சர்க்யூட்டுக்கு இரண்டு பாதை வைக்கும் பாதுகாப்பு முறை) அனுப்பும் முனை ஒரே சிக்னலை இரு பக்கமும் அனுப்புகிறது. ஆகவே இரண்டு பாதையிலும் ஒரே பெயர் வர வேண்டும். நம்மவர்கள் ஓடுகிற பாதையை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். காத்திருக்கும் பாதை தப்பான இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தால், ஃபைபர் அறுபட்டு அதற்கு மாறும் இரவில்தான் அது தெரியும். இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள். கருவி அனுமதித்தால் இரண்டிலும் கண்காணிப்பு வையுங்கள்.

10. ஓடிஎன்-இல் என்ன மாறும்

வரிசை அதேதான். பெயரின் வடிவம் மட்டும் வேறு. ஓடிஎன்-இல் (எஸ்டிஎச்-க்குப் பின் வந்த ஒளி வலை முறை) அது டிடிஐ, 64 பைட். முதல் 16 அனுப்பும் முனைக்கு, அதாவது எஸ்ஏபிஐ. அடுத்த 16 வாங்கும் முனைக்கு, டிஏபிஐ. மீதி 32 நாம் விரும்பியபடி எழுதிக்கொள்ள. எஸ்ஏபிஐ, டிஏபிஐ இரண்டிலும் முதல் பைட் பூஜ்யம், பிறகு 15 எழுத்து.

OTU மட்டத்தில் இருக்கும் எஸ்எம் (செக்‌ஷன் கண்காணிப்பு), ஜே0 போல இடையில் முடியும். OTU, ODU இரண்டுமே தமிழில் ஓடியு என்றே ஒலித்துக் குழப்பம் தரும் என்பதால், மட்டத்தைச் சொல்லாமல் எஸ்எம், பிஎம் என்றே பேசிப் பழகுங்கள். பிஎம் (ODU மட்டத்தில் இருக்கும் பாதைக் கண்காணிப்பு) முனையிலிருந்து முனை வரை தொடரும். நடுவே வேறொரு நிறுவனத்தின் வலை சுமந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் டிசிஎம் என்னும் தனிக் கண்காணிப்பு வைக்கலாம், ஆறு அடுக்கு வரை உண்டு.

எதிர்பார்க்கும் கட்டங்களில் கவனம் தேவை. ஈரோட்டில் உட்கார்ந்து கோவையிலிருந்து வருவதை எதிர்பார்க்கிறீர்கள் என்றால், எஸ்ஏபிஐ கோவை போர்ட், டிஏபிஐ உங்கள் ஈரோடு போர்ட். அனுப்புவதற்கு நேர் தலைகீழ். எஸ்ஏபிஐ மட்டும், டிஏபிஐ மட்டும், இரண்டும் என்று ஒப்பிடும் முறையிலும் தேர்வு இருக்கும். எஸ்ஏபிஐ மட்டும் வைத்துத் தொடங்குங்கள். மறுமுனைக்காரர் டிஏபிஐ-யை வெறுமையாக விட்டிருந்தால் தேவையில்லாமல் டிம் அடிக்காது.

11. ஃபைபர் அறுந்து ஒட்டிய பிறகு

சாலை அகலப்படுத்தும் இடத்தில் பொக்லைன் ஃபைபரை இழுத்துவிட்டது, இரவோடு இரவாக ஒட்டியாயிற்று, எல்லாம் பச்சை. ஒட்டும் இடத்தில் இரண்டு ஜோடி ஃபைபர் இடம் மாறியிருந்தால் ஒளி அளவு அதைக் காட்டாது, ஏனென்றால் இரண்டுமே நல்ல ஒளிதான். அந்தப் பாதையின் ஜே0 எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் ஒட்டும் குழுவை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். குழி மூடிய பிறகு தெரிந்தால் காலையில் மறுபடி தோண்ட வேண்டியிருக்கும்.

சர்க்யூட்டை எடுக்கும்போதும் ஒரு வேலை இருக்கிறது. குறுக்கிணைப்பை நீக்குவதற்கு முன் எதிர்பார்க்கும் ட்ரேஸை அழித்து, கண்காணிப்பை அணைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் ஆறு மாதம் கழித்து அதே போர்ட்டில் புதுச் சர்க்யூட் ஏற்றுபவர், 00317 என்ற பெயருக்காகக் காத்திருக்கும் ஒரு போர்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.